கடல் இல்லாத வேலூரில் இருந்து ஒரு கடல் வீரர்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு.

"நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோவில்" என்பார்கள்.

சாமி இல்லாத குறை 1981-ல் தீர்ந்தது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோவிலில் லிங்கம் மறுபடியும் வைக்கப்பட்டது. ஆனால் பாலாறு? அது பெரும்பாலும் மணல்தான். 2021-ம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, பாலங்களின் மேல் நின்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே வேடிக்கை!

வேலூரில் இருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 140 கிலோ மீட்டர். ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னும் 50 கிலோ மீட்டர் கூடுதல்.

இப்படிப்பட்ட வேலூரைச் சேர்ந்த ஒரு இளைஞர், இரண்டு முறை ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனார்.

எந்தப் பந்தயத்துக்கு? ஓட்டமா? எடை தூக்குவதா?

இல்லை. கடலில் பாய்மரப் படகு ஓட்டும் பந்தயத்துக்கு!

அவர் பெயர் விஷ்ணு சரவணன்.

பட்டாளத்துக் குடும்பம்

விஷ்ணு 1999-ம் ஆண்டு பிறந்தவர்.

கடல் இல்லாத ஊர்க்காரருக்குக் கடல் எப்படிக் கிடைத்தது? அதற்குப் பதில் ஒரே வார்த்தைதான்: பட்டாளம்.

வேலூர் வட்டாரத்தில் இரண்டு பிழைப்புகள் பெயர் பெற்றவை. ஒன்று தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் தோல் ஷாப், ஷூ கம்பெனி. காலையில் ஆண்களும் பெண்களும் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்க்கலாம். இங்கே தைக்கிற ஷூ கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. அதைத் தைத்தவர்களில் கப்பலைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

இரண்டாவது பிழைப்பு, பட்டாள வேலை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு 'ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார் என்று சொல்லும் அளவுக்குப் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர் அது.

விஷ்ணுவின் தந்தையும் ராணுவத்தில் பணிபுரிந்தவர். அதோடு, பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்தவர்.

ராணுவத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நமது ராணுவத்தில் எல்லா விளையாட்டுக்கும் இடம் உண்டு. மும்பையில் கொலாபா கடற்கரையில் ராணுவத்தின் படகுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கடலே இல்லாத ஐதராபாத்தில் கூட, ஊர் நடுவே உள்ள உசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகுப் பந்தயங்கள் நடக்கின்றன. காற்றும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும்.

தந்தைதான் விஷ்ணுவுக்கு முதல் ஆசிரியர். சிறு வயதிலேயே மகனைப் படகில் ஏற்றினார். மகளையும் ஏற்றினார். அவர் பெயர் ரம்யா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவசியம் சொல்ல வேண்டிய கதை அது.

வளர்ந்ததும் விஷ்ணுவும் ராணுவத்திலேயே சேர்ந்தார்.

ஒரு ஆள், ஒரு பாய், ஒரு கயிறு

அந்தப் படகைப் பற்றித் தெரிந்துகொள்ளாவிட்டால் விஷ்ணு செய்தது என்ன என்பது புரியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

படகின் பெயர் 'லேசர்'. கனடா நாட்டைச் சேர்ந்த புரூஸ் கிர்பி என்பவர் வரைந்த படகு. 1970-ம் ஆண்டு வாக்கில் வெளியே வந்தது. 1996-ல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் இதன் பெயரை 'ஐ.எல்.சி.ஏ.' என்று மாற்றிவிட்டார்கள். ஆண்கள் ஓட்டுவது 'ஐ.எல்.சி.ஏ. 7'. பெண்கள் ஓட்டுவது, அதைவிடக் கொஞ்சம் சிறிய பாய் கட்டிய 'ஐ.எல்.சி.ஏ. 6'. மூத்தவர்கள் இன்னும் லேசர் என்றே சொல்கிறார்கள்.

நீளம் சுமார் 14 அடி. எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, படகைவிட அதை ஓட்டுகிறவர் கனம்! பாய் ஒன்றே ஒன்று. மோட்டார் கிடையாது. துடுப்பு கிடையாது. துணைக்கு ஆள் கிடையாது. ஒரு கையில் பாயை இழுக்கும் கயிறு, இன்னொரு கையில் சுக்கான் பிடி.

எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகு என்பதுதான் இதில் விசேஷம். பணக்காரர் மகனுக்குத் தனிப் படகு, ஏழை மகனுக்குத் தனிப் படகு என்று இல்லை. ஒரே அளவு, ஒரே பாய். ஜெயிப்பதும் தோற்பதும் ஆளைப் பொறுத்தது.

படகு காற்றால் ஓடுகிறது. சரி. காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து அடித்தால் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் பந்தயத்தில் பாதித் தூரம், காற்று எங்கே இருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே போக வேண்டும். அது எப்படி முடியும்?

ஏலகிரி மலைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் நேராக மலை உச்சிக்கு ஏறுவதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து ஏறுகிறது.

படகும் அப்படித்தான். காற்றுக்கு நேராகப் போகாமல், சாய்வாக இடது பக்கம் கொஞ்ச தூரம் போகும். பிறகு திரும்பி வலது பக்கம் போகும். இப்படியே வளைந்து வளைந்து காற்றை 'ஏறும்'. படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஒரு பலகை, படகு பக்கவாட்டில் நழுவிப் போகாமல் பிடித்துக்கொள்ளும்.

மலைப் பாதையில் வளைவு எங்கே என்று முன்கூட்டியே தெரியும். கடலில் பாதை கிடையாது. காற்றும் ஒரே திசையில் நிற்பதில்லை. தண்ணீர் எங்கே கறுத்துத் தெரிகிறதோ அங்கே காற்று வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்து, எங்கே திரும்புவது, எப்போது திரும்புவது என்று அந்த விநாடியே முடிவு செய்ய வேண்டும். கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

உடம்பு படும் பாடு வேறு! காற்று பலமாக அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். அதை நிமிர்த்துவது ஓட்டுகிறவரின் உடம்புதான். ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஒரு வாரில் மாட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதையும் வெளியே மல்லாக்கச் சாய்த்துப் பாருங்கள். எத்தனை விநாடி தாங்கும்? பந்தயத்தில் இப்படிச் சுமார் ஒரு மணி நேரம் தொங்க வேண்டும். அலை முகத்தில் அடிக்கும். ஒரே நாளில் இப்படி இரண்டு பந்தயம் இருக்கும்.

உப்பு என்றால் ஆம்பூர் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பைத்தான் தூவுகிறார்கள். அந்த உப்பு விரல் இடுக்கில் படுத்துகிற பாட்டை தோல் ஷாப்பில் வேலை செய்பவரைக் கேட்டால் சொல்வார். கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்த உள்ளங்கையில் கடல் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

புள்ளி குறைந்தவருக்கே வெற்றி

இன்னும் ஒரே ஒரு சங்கதி. மற்ற விளையாட்டுகளில் புள்ளி அதிகம் எடுத்தவர் ஜெயிப்பார். இதில் தலைகீழ்!

முதலில் வந்தவருக்கு 1 புள்ளி. இரண்டாவது வந்தவருக்கு 2. இருபதாவது வந்தவருக்கு 20. பல நாள், பல பந்தயம் ஓட்டி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். ஒரே ஒரு மோசமான பந்தயத்தை மட்டும் தள்ளிவிடுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே வெற்றி வீரர். ஒலிம்பிக்கில் முதல் 10 பேர் மட்டும் கடைசியாக ஒரு பதக்கப் பந்தயம் ஓட்டுவார்கள். அதில் புள்ளிகள் இரட்டிப்பு.

ஆகவே, ஒரு நாள் மின்னலாக ஓட்டிவிட்டு மறுநாள் கோட்டை விடுகிறவர் இதில் தேற முடியாது. தினமும் நன்றாக ஓட்ட வேண்டும்.

உலகம் திரும்பிப் பார்த்தது

2019-ம் ஆண்டு. குரோவேஷியா நாட்டில் ஸ்பிளிட் என்ற துறைமுக நகரம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலக லேசர் பந்தயம் அங்கே நடந்தது.

கடலோர ஐரோப்பிய நாடுகளில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய கையோடு படகில் ஏறிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களோடு போட்டியிட்டு விஷ்ணு வெண்கலப் பதக்கம் பெற்றார். இந்தப் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல் தடவை.

அடுத்து ஒலிம்பிக். ஆனால் 2020-ல் நடக்க வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக்கைக் கொரோனா நோய் 2021-க்குத் தள்ளிவிட்டது.

உடன்பிறந்தவர்கள் இருவர், ஊர் போனவர் ஒருவர்

2021-ம் ஆண்டு ஏப்ரல். ஓமன் நாட்டில் முசன்னா என்ற கடற்கரை. ஆசிய நாட்டுக்காரர்கள் டோக்கியோவுக்குப் போக இடம் பிடிக்கும் பந்தயம்.

விஷ்ணு வந்திருந்தார். அவர் சகோதரி ரம்யாவும் வந்திருந்தார்.

பெண்கள் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தவர் சென்னைப் பெண் நேத்ரா குமணன். இரண்டாவது இடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? நமது ரம்யா! கடைசிப் பந்தயத்துக்கு முன், நேத்ராவுக்கும் ரம்யாவுக்கும் இடையே 21 புள்ளி இடைவெளி. பதக்கப் பந்தயத்தில் ஒருவர் அதிகமாகப் பெறக்கூடியதே 20 புள்ளிதான். அதனால் ஒரு நாள் முன்னதாகவே நேத்ராவின் இடம் உறுதியாகிவிட்டது.

முதல் இரண்டு இடத்திலும் தமிழ்ப் பெண்கள் இருந்தார்களே, இருவரும் டோக்கியோ போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஒலிம்பிக் படகுப் பந்தயத்தில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டில் இருந்து ஒரு படகுதான். ரம்யாவுக்கு முன்னால் நின்றது வேற்று நாட்டுக்காரி அல்ல, சொந்த நாட்டுக்காரி. அதனால் கதவு மூடிக்கொண்டது.

நேத்ரா, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் படகு வீராங்கனை என்ற பெயரைப் பெற்றார். பெருமைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் எழுதும்போது, முதலில் வந்தவரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்த நாள் விஷ்ணு தமது பிரிவில் வெள்ளிப் பதக்கத்தோடு டோக்கியோ சீட்டையும் பெற்றார். அதே நாளில் கே.சி.கணபதி, வருண் தக்கர் என்ற சென்னை இளைஞர்கள் இருவர் ஓட்டும் படகுப் பிரிவில் இடம் பிடித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் இருந்து நான்கு பேர். நான்கு பேரும் தமிழ்நாடு!

1972-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் சோலி காண்ட்ராக்டர், பாசித் ஆகிய இருவரும்தான் முதன்முதலாக இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டினார்கள். அதற்குப் பிறகு 2021 வரை, ஒரே ஒலிம்பிக்கில் மூன்று படகுப் பிரிவில் இந்தியா கலந்துகொண்டதே இல்லை.

மால்ட்டா தீவில்

டோக்கியோவுக்கு முன்னால் நால்வரும் ஐரோப்பாவுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். கணபதியும் வருணும் போர்ச்சுக்கல் நாட்டுக்கு. நேத்ரா ஸ்பெயினுக்கு. விஷ்ணு மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டா தீவுக்கு. அங்கே அலெக்சாண்டர் டெனிசியுக் என்பவர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். மத்திய அரசின் ஒலிம்பிக் பயிற்சித் திட்டம் கைகொடுத்தது.

ஏன் அவ்வளவு தூரம்? தனியாக ஓட்டிப் பழகினால் தன் வேகம் தனக்குத் தெரியாது. பக்கத்தில் நல்ல படகுகள் ஓட வேண்டும். அப்படி ஓடும் படகுகள் ஐரோப்பாவில்தான் அதிகம். இது வெறும் வசதிக் குறை அல்ல. நமது நாட்டுப் படகு வீரர்களுக்கு உள்ள பெரிய தடையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கின் படகுப் பந்தயம் எனோஷிமா என்ற இடத்தில் நடந்தது. நாயப் சுபேதார் விஷ்ணு சரவணன் முதல் பந்தயத்தில் 14-வதாக வந்தார். எல்லாம் முடிந்தபோது 35 பேரில் 20-வது இடம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாட் வேர்ன் தங்கம் வென்றார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு புள்ளி!

2022-ம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டுப் பந்தயம் சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு வருடம் தள்ளி நடந்தது. விஷ்ணுவின் பந்தயம் முடிந்தது 2023 செப்டம்பர் 27-ந் தேதி.

முடிவைப் பாருங்கள்.

சிங்கப்பூரின் ரையன் லோ: 26 புள்ளி. தங்கம்.

தென் கொரியாவின் ஹா ஜீ மின்: 33 புள்ளி. வெள்ளி.

இந்தியாவின் விஷ்ணு சரவணன்: 34 புள்ளி. வெண்கலம்.

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் ஒரே ஒரு புள்ளி! ஒரு புள்ளி என்றால் ஒரு படகு. அத்தனை நாள் ஓட்டிய அத்தனை பந்தயத்திலும், ஏதாவது இரண்டில் ஒரு படகை முந்தியிருந்தால் வெள்ளி. ஒன்றில் முந்தியிருந்தால் சமம். தாமதமாகத் திரும்பிய ஒரு திருப்பம், கைநழுவிய ஒரு கயிறு, வராமல் போன ஒரு காற்று, எதுவும் அந்த ஒரு புள்ளியாக இருந்திருக்கலாம். இதை நினைத்துக்கொண்டு படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

அந்த ஆண்டு இந்தியாவுக்குப் படகுப் பந்தயத்தில் கிடைத்தவை 3 பதக்கங்கள். சிறுமிகள் பிரிவில் நேஹா தாக்கூர் வெள்ளியும், பாய்ப் பலகை ஓட்டிய ஈபாத் அலி வெண்கலமும் பெற்றார்கள். மூன்றாவது விஷ்ணுவுடையது.

மறுபடியும் ஒலிம்பிக்

2024 ஜனவரி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு. உலகப் பந்தயம். 150-க்கும் மேற்பட்ட வீரர்கள். விஷ்ணு 26-வது இடத்தில் வந்தார்.

26-வது என்றால் பெரிதா என்று நினைக்காதீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இன்னும் இடம் கிடைக்காத நாட்டுக்காரர்களில் அவர் முன்னணியில் இருந்தார். பாரிஸ் படகுப் பந்தயத்துக்கு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் இடம் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

பாரிஸில் கடல் இல்லை. அதனால் படகுப் பந்தயத்தைத் தெற்கே மார்செய் துறைமுகத்தில் வைத்தார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி முதல் பந்தயம். விஷ்ணு 10-வதாக வந்தார்! அப்படியே போனால் பதக்கப் பந்தயத்துக்கே போய்விடலாம்.

ஆனால் அந்த வாரம் மார்செயில் காற்று சண்டித்தனம் செய்தது. வீரர்கள் பாயை ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். 6-ந் தேதி நடக்க வேண்டிய பதக்கப் பந்தயமே 7-ந் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. இளங்காற்றில் படகு ஓட்டுவது பலத்தால் ஆகிற காரியம் அல்ல. இல்லாத காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் விஷ்ணுவுக்குக் கிடைத்தது 43 பேரில் 18-வது இடம். டோக்கியோவில் 35 பேரில் 20. ஆள் கூடியும் இடம் முன்னேறியிருக்கிறது. ஆனால் முதல் 10 பேருக்குள் வரவில்லை. பெண்கள் பிரிவில் நேத்ரா 35-வது இடத்தில் இருந்து 21-வது இடத்துக்கு வந்தார்.

பாய்மரப் படகில் இந்தியா இதுவரை ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதில்லை. நமக்கு ஆகாத விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். சைப்ரஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அந்த நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. 2012-ல் பாவ்லோஸ் கொன்டிடிஸ் என்ற இளைஞர் முதல் பதக்கத்தை வாங்கினார். எதில்? இதே லேசர் படகில்! அதே மனிதர் மார்செயில் 34-வது வயதில் மறுபடியும் வெள்ளி வாங்கினார்.

தங்கம் வென்றவர்? டோக்கியோவில் வென்ற அதே மாட் வேர்ன். அப்போது அவருக்கு 28 வயது.

அடுத்த ஒலிம்பிக் 2028-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கிறது. இந்த லேசர் படகுக்கு அதிலும் இடம் உண்டு. சுபேதார் விஷ்ணு சரவணனுக்கு அப்போது 29 வயது இருக்கும்.